அபராதம் கட்டினால் தீர்ந்துவிடுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் இருபது வயது வாலிபன், ராத்திரி ஷிப்டு முடிந்து வருகிறான். டீக்கடை வாசலில் வாய்ச்சண்டை கைகலப்பாகிறது. போலீஸ் வந்து இழுத்துப் போகிறது. அதுவரை ஸ்டேஷன் படியை மிதித்தறியாதவன். மறுநாள் அவன் தாய் நடவுக்குப் போகாமல் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறாள். இந்தத் தாயை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

அடித்தது சரி என்று நாம் சொல்லவில்லை. ஒடிசாத் தொழிலாளியைத் தமிழ்த் தொழிலாளி அடித்தால் கான்ட்ராக்டருக்குத்தான் கொண்டாட்டம். ஆனால் ஒரு நாள் கோபத்துக்குக் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை ஆயுள் பூராவும் விலை கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2) பிரிவுப்படி சாதாரணக் காயத்துக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு மட்டும் இருந்தால் வாரண்டு இல்லாமல் கைது செய்யப் போலீசுக்கு அதிகாரம் கிடையாது. ஆகவே ஆபாசமாகத் திட்டினான் என்று 296-ம் பிரிவும் கூடவே ஏறுகிறது. கையில் இரும்புக் கம்பி இருந்ததாக எழுதினால் 118(1); மூன்று வருஷம் வரை போகலாம். ஏழு வருஷத்துக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றங்களில் அவசியமின்றிக் கைது செய்யாதே என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும் என்பதும் சட்டமே. 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் என்ன ஆனார்கள் என்பதை மறந்தவர் உண்டா? ஆகவே முதல் ராத்திரியிலேயே ஸ்டேஷனுக்கு ஆள் போக வேண்டும்.

பிறகு கோர்ட்டு. வாய்தாவுக்கு ஒரு நாள் கூலி போகும். நாலு வாய்தா ஆனால் கான்ட்ராக்டர் வேறு ஆளை வைத்துக்கொள்வான். அப்போது யாராவது காதில் ஓதுவார்கள்: “ஒப்புக்கொள்ளடா, அபராதத்தைக் கட்டிவிட்டு ஷிப்டுக்குப் போ.”

இதுதான் கண்ணி. ஒப்புக்கொண்டால் அது தண்டனை. பெரிய கம்பெனியோ சர்க்கார் உத்தியோகமோ, போலீஸ் சரிபார்ப்பு என்று வரும்போது அந்தக் காகிதம் முன்னால் வந்து நிற்கும். ஒப்புக்கொள்ளாமல் வழக்கு நிலுவையில் இருந்தாலும் பாஸ்போர்ட்டுக்குத் தடை வரலாம், அது தற்காலிகம். தண்டனை அப்படியல்ல.

வேறு வழி இருக்கிறது. 115(2) வழக்கில் அடிபட்டவர் சம்மதித்தால் கோர்ட்டிலேயே சமாதானம் பண்ணிக்கொள்ளலாம். அது விடுதலைக்குச் சமம். 296 சேர்ந்திருந்தால் அந்தப் பிரிவுக்கு இந்த வழி கிடையாது. அதைச் சேர்ப்பதன் சூட்சுமம் புரிகிறதல்லவா? குற்றம் நிரூபணமானாலும், 1958-ம் வருஷ நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தோ நன்னடத்தைப் பத்திரம் வாங்கியோ விடுவிக்கும்படி கேட்கலாம். அப்படி விடப்பட்டவனைத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு தொடராது என்று அதன் 12-ம் பிரிவு சொல்கிறது. 21 வயதுக்குட்பட்டவனைச் சிறைக்கு அனுப்பினால் நீதிபதி காரணம் எழுத வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி காவலில் உள்ளவருக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் உண்டு. தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால் போதும். இது தர்மம் அல்ல, உரிமை.

வெளி மாநிலத்துப் பையன்களின் கதி இன்னும் மோசம். 2025 செப்டம்பரில் இதே ஜில்லாவின் காட்டுப்பள்ளியில் ஒரு வடநாட்டுத் தொழிலாளி கீழே விழுந்து இறந்தார். நஷ்டஈடு கேட்டுத் திரண்டவர்களுக்கும் போலீசுக்கும் மோதல் நடந்தது, பலர் கைதானார்கள். ஸ்டேஷன் வாசலில் வந்து நிற்க அவர்களுக்குத் தாய் பக்கத்தில் இல்லை.

கும்மிடிப்பூண்டி, பொன்னேரிச் சங்கங்கள் ராத்திரியில் ஸ்டேஷனுக்குப் போக இரண்டு தோழர்களைக் குறித்து வைக்கட்டும். ஒருவர் இந்தி தெரிந்தவராக இருக்கட்டும். அவர்கள் போன் நம்பரை சிப்காட் டீக்கடைகளில் இந்த வாரமே ஒட்டுங்கள்.