பள்ளிப் படத்தொகுப்புக்குப் பணம் எதற்கு?



அண்மையில் இங்குப் பாரிட் புந்தார் வட்டாரத்தில் ஒரு பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கலந்துகொண்டேன். பள்ளி இணையத்தளத்தில் விளையாட்டுப் போட்டிப் படங்களை ஏற்ற இடம் போதவில்லை; ஆண்டுக் கட்டணத்தை உயர்த்திக் கூடுதல் இடம் வாங்குவோம் என்றார் ஒருவர். “வீண்செலவு எதற்கு? இலவசத் தளத்தில் போட்டுவிட்டு இணைப்புக் கொடுத்தால் போதுமே” என்றார் மற்றொருவர். இருவர் கூற்றையும் நான் மறுக்கிறேன்.

இடம் போதாமைக்கு நம் சோம்பலே காரணம். கைப்பேசியில் எடுத்த ஒரு படம் 4000 புள்ளி அகலமும் மூன்று நான்கு மெகாபைட் அளவும் கொண்டது. அதனை அப்படியே ஏற்றினால் எந்தத் தளம் தாங்கும்? அகலத்தை 1024 புள்ளிக்குக் குறைத்தால் ஏறத்தாழ 200 கிலோபைட்டில் அடங்கிவிடும். ஒரு ஜிகாபைட்டில் 5000 படங்கள் வைக்கலாம்! இர்ஃபான்வியூ எனும் மென்பொருள் பள்ளிகளுக்கு இலவசம். நூறு படங்களையும் ஒரே முறையில் சுருக்கித் தரும். சிறுபடங்களை அடுக்கி எச்டிஎம்எல் பக்கமாகவும் ஆக்கித் தரும். தரவுத்தளம் வேண்டா, ஒரு வெள்ளியும் கூடுதலாக வேண்டா.

இலவசத் தளத்தை நம்புவோருக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. யாகூவின் ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. பிக்காசா 2016இல் விடைபெற்றது. 2017இல் ஃபோட்டோபக்கெட், பிற தளங்களில் தன் படங்களைக் காட்ட ஆண்டுக்கு ஏறத்தாழ 400 அமெரிக்க டாலர் கேட்டது. கட்டாதவர்களின் பக்கங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைதான் தொங்கியது. இலவசக் கணக்குக்கு 1000 படங்களே என்று ஃபிளிக்கர் 2018இல் அறிவித்தது. கூகுள் ஃபோட்டோஸ் தந்த வரம்பற்ற இலவசச் சேமிப்பும் 2021 ஜூன் முதல் நாளோடு முடிந்தது. இத்தனைக்குப் பிறகுமா நம்பிக்கை? போதாக்குறைக்கு, கணக்கைத் திறந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுகிறது!

“படம்தானே, போனால் போகட்டும்” என்பாரும் உளர். 1957இல் இந்நாட்டில் 800க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500க்குச் சற்றே கூடுதல். கித்தாக்காடுகள் அழிந்தன, தோட்ட மக்கள் வெளியேறினர், பள்ளிகள் மூடப்பட்டன, இடம் மாறின, இணைக்கப்பட்டன. அவற்றுள் படித்த ஒருவர் தம் பள்ளியைப் பேரனுக்குக் காட்ட ஒரு நிழற்படத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஆகவே, தேர்ந்தெடுத்த படங்களைச் சுருக்கிப் பள்ளியின் சொந்தத் தளத்திலேயே வைப்போம். மூலப்படங்களை இரண்டு வன்தட்டுகளில் படியெடுத்து, ஒன்றைப் பள்ளி அலுவலகத்திலும் மற்றொன்றைச் சங்கச் செயலாளரிடமும் வைப்போம். ஆண்டும் நிகழ்ச்சியும் இல்லாத படத்தை ஏற்றவே கூடாது. (பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோர் இசைவு தேவை, முழுப்பெயர் வேண்டா.)

வீட்டு அலமாரியில் பழைய தோட்டப்பள்ளிப் படங்கள் வைத்திருப்போர் அடுத்த கூட்டத்திற்குக் கொண்டுவாருங்கள். வருடியில் படியெடுத்து அன்றே திருப்பித் தருகிறேன்.