வாத்துக்குக் கம்பளி வேண்டாம்!

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்று ஒரு ராஜ்யம் இருக்கிறது. மலையும் காடும் நிறைந்த பிரதேசம். குளிர்காலம் வந்துவிட்டால் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். சில இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக்கும் குளிர் இறங்கிவிடும். ஐஸ்கிரீம் கடைக்காரர் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கும் குளிர், அங்கே தெருவிலேயே கிடக்கிறது!

அந்த ஊரிலே பல வீட்டுக் கொல்லைகளில் நாலைந்து வாத்துகளும் ஓரிரண்டு கூஸ் வாத்துகளும் வளர்க்கிறார்கள். கூஸ் என்பது கழுத்து நீண்ட பெரிய ஜாதி. அந்நியரைக் கண்டால் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு விரட்டுமே, அதுதான். முதல் பனி விழுந்ததும் புதிதாக வளர்க்கிறவர்களுக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. "ஐயோ பாவம், வெறுங்காலோடு ஐஸில் நிற்கிறதே!" என்கிறார் அடுத்த வீட்டு அம்மாள். அவ்வளவுதான். கொட்டகையின் சந்து பொந்துகளெல்லாம் அடைபடுகின்றன. உள்ளே சூடு விளக்கு தொங்குகிறது. வாத்துகள் சிறைப்படுகின்றன.

இந்த இரக்கம்தான் அவற்றுக்கு எமனாகிறது.

வாத்தின் உடல் உஷ்ணம் சுமார் 41 டிகிரி. மனிதனுக்கு 37தான். அந்தச் சூட்டை வெளியே விடாமல் காப்பது மேல் இறகுக்கு அடியில் இருக்கும் மென்தூவி. பணக்காரர்கள் மெத்தைக்குள் அடைத்துக்கொண்டு தூங்குவது இதைத்தான்! கூஸ் வாத்து வெட்ட வெளியில் படுத்திருக்கும். அதன் முதுகில் பனி விழுந்து உருகாமல் அப்படியே கிடக்கும். பார்க்கிறவர்களுக்குப் பரிதாபமாக இருக்கும். உள்சூடு வெளியே கசியவில்லை என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை.

சரி, வெறுங்கால்? அங்கேதான் இயற்கையின் சாமர்த்தியம். காலுக்கு இறங்கும் ரத்தக் குழாயும், காலிலிருந்து ஏறும் குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுகின்றன. சூடாக இறங்கும் ரத்தம், குளிர்ந்து ஏறும் ரத்தத்துக்குத் தன் சூட்டை வழியிலேயே கொடுத்துவிடுகிறது. பாதத்துக்குப் போய்ச் சேருவது உறையாமல் இருக்கப் போதுமான சூடு மட்டுமே. பாதமே குளிர்ந்திருப்பதால் ஐஸுக்கு இழக்கும் சூடும் கொஞ்சம்தான். அதுவும் போதாவிட்டால் வாத்து ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டு மற்றக் காலில் நிற்கும். இன்னும் குளிர்ந்தால் இரண்டு காலையும் மடக்கி உட்கார்ந்து, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொள்ளும்.

அப்படியானால் பனியைக் கண்டு அது பயப்படுவதே இல்லையா? பயப்படுகிறது. ஆனால் பயம் குளிரைப் பற்றியது அல்ல. காலையில் கதவைத் திறந்ததும் வாசல்வரை கூச்சலோடு வரும் வாத்துகள், புதுப் பனியைக் கண்டதும் படியிலேயே நின்றுவிடும். குட்டைக் கால், கால் புதைந்தால் வயிறு தட்டும். கூஸ் வாத்துக்கோ பிடிவாதம் ஜாஸ்தி. எஜமான் மண்வெட்டி எடுத்துப் பாதை வெட்டி, வைக்கோலும் தூவிய பிறகுதான் பெரிய மனுஷர் ஊர்வலம் போலப் புறப்படும்.

கொல்லுவது ஈரம்

வாத்தின் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர். மூச்சிலும் ஈரம் வருகிறது. காற்றுப் போக வழியில்லாத கொட்டகையில் அந்த ஈரமெல்லாம் சுவரிலும் வைக்கோலிலும் இறகிலும் படிகிறது. எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா வாயு கண்ணையும் நுரையீரலையும் அரிக்கிறது. நனைந்த இறகு குளிரைத் தடுக்காது. ஆகவே, சூடாக இருக்கட்டும் என்று அடைத்த கொட்டகையிலேதான் வாத்து நோயில் விழுகிறது. சூடு விளக்கின் ஆபத்தோ இன்னும் கொடியது. காய்ந்த வைக்கோல், தூசி, படபடக்கும் இறக்கைகள். நடுவே கொதிக்கும் விளக்கு. கயிறு அறுந்து விழுந்தால் நெருப்புத்தான்!

வேண்டியது என்ன? பறவையின் தலைக்கு மேலே காற்றுப் போக ஒரு திறப்பு. கீழே கனமாக உலர்ந்த வைக்கோல். வாடைக் காற்றுக்கு ஒரு தடுப்பு. சாயங்காலம் ஒரு பிடி மக்காச்சோளம். இரவிலே நல்ல தாழ்ப்பாள். ஏனெனில் குளம் உறைந்த பிறகு நரிக்கு அதுவே ராஜபாட்டை.

எல்லா ஜாதியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மூஞ்சியில் சிவந்த சதை முண்டுள்ள மஸ்கோவி வாத்து, மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பிறந்த வெப்பநாட்டுப் பிராணி. அதற்குச் சதையும் பாதமும் பனியில் கருகிவிடும். சீனக் கூஸுக்கு அலகின் மேலுள்ள குமிழில் அந்த ஆபத்து உண்டு. இவற்றைக் கடுங்குளிரில் உள்ளே வைப்பதுதான் நியாயம்.

"காட்டு வாத்தை யார் கவனிக்கிறார்கள்? இதுவும் தானே பிழைத்துக்கொள்ளும்" என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. அதுவும் அநியாயம். காட்டுப் பறவைக்குச் சிறகு இருக்கிறது. வரித்தலை வாத்து, மத்திய ஆசியாவின் குளிருக்குத் தப்பி இமயமலையைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம்வரை வந்துவிடுகிறதே! கொல்லையில் இருக்கும் பீக்கின் வாத்து எங்கே போகும்? 1873ல் சீனாவிலிருந்து கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த ஜாதி அது. இறைச்சிக்காக மனிதன் அதன் உடம்பைப் பெருக்கிப் பறக்கும் சக்தியைப் பறித்துவிட்டான். குளம் உறைந்தால் அதற்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியவன் அவனேதான்.

அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் அநேகர் தவறுகிறார்கள். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், அதை உருக்கவே உடல் சூடு செலவாகிறது. தண்ணீர் இல்லாமல் வாத்தால் உலர் தீனியை விழுங்க முடியாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தலை முழுகும் ஆழமும் வேண்டும். மூக்குத் துளையையும் கண்ணையும் அலம்பினால்தான் அதற்கு ஆரோக்கியம். வால் அடியில் சுரக்கும் எண்ணெயைத் தடவி இறகைக் காப்பதற்கும், இறகு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும். உடம்பு முழுவதும் குளிக்க, வெயில் எட்டிப் பார்க்கும் நாள் வரை அது பொறுத்துக்கொள்ளும். தலை முழுக மட்டும் தினமும் வேண்டும்.

அனுபவஸ்தர்கள் இதற்கு ரப்பர் தொட்டி வைத்திருக்கிறார்கள். காலையில் கவிழ்த்துப் போட்டு ஓர் உதை விட்டால் ஐஸ் முழுசாகக் கழன்று விழும். அதிலே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றவேண்டும். சாயங்காலம் மறுபடியும் ஊற்றவேண்டும். வாளியோடு மனிதன் வருவதைக் கண்டால், படியிலே பிடிவாதமாக நின்ற வாத்துகளெல்லாம் பனியை மறந்து ஓடி வரும்.