பழைய ஃபோர்வீல் ஜீப்... ஒரே டீசலில் கூடுதல் தூரம் ஓட்டுவது எப்படி?

அருமனையிலிருந்து கடையாலுமூடு, பத்துகாணி, ஆறுகாணி என்று மேலே ஏறும் சாலைகளில் பழைய டீசல் ஜீப்களுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ரப்பர் ஷீட், பால் கேன், அன்னாசிப்பழம், வாழைத்தார், தோட்ட வேலைக்குப் போகும் ஆட்கள் என எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சேற்றில் ஏறி இறங்க வேறு வண்டி சரிப்படாது. ஆனால், டீசல் விலை ரூ.90-ஐத் தாண்டி நிற்கும்போது, தோட்டத்து வருமானத்தில் ஒரு பங்கு பங்க்கிலேயே தங்கிவிடுகிறது.

ஒரு கணக்கு பார்க்கலாம். மாதம் 1,000 கி.மீ. ஓடும் ஜீப், லிட்டருக்கு 10 கி.மீ. கொடுத்தால் 100 லிட்டர் டீசல் வேண்டும். அதே வண்டி 12 கி.மீ. கொடுத்தால் 83 லிட்டர் போதும். லிட்டர் ரூ.92 என்று வைத்தால் மாதம் ரூ.1,500-க்கு மேல் மிச்சம், வருடத்துக்கு ரூ.18,000. பெரிய செலவில்லாமல் இதற்கு என்ன செய்யலாம்?

முதலில் அளந்து பாருங்கள்

டேங்க்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவைத்து, மறுபடி நிரப்பும்போது கணக்கிடுவதே சரியான வழி. இரண்டு மூன்று முறை செய்தால்தான் உண்மை தெரியும். கம்பெனி கொடுத்த அளவைவிடப் பெரிய டயர் மாட்டியிருந்தால், ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

புகை சொல்லும் சேதி

லோடு இல்லாமலேயே கரும்புகை தள்ளினால், டீசல் முழுதாக எரியவில்லை என்று அர்த்தம். முதல் சந்தேகம் ஏர் ஃபில்டர் மீதுதான். பழைய ஜீப்கள் பலவற்றில் எண்ணெய் ஊற்றும் ‘ஆயில் பாத்’ ஃபில்டர் இருக்கும். தோட்டத்து மண்பாதையில் ஓடும் வண்டிக்கு அந்த எண்ணெய் சீக்கிரம் சேறாகிவிடும். கழுவி, குறியிட்ட அளவுக்குப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

அதற்குப் பிறகும் புகை வந்தால் நாசில்களை டீசல் பம்ப் ஒர்க்‌ஷாப்பில் சோதிக்கலாம். டீசல் பனிபோலத் தூவாமல் சொட்டினால் வீண்தான். கூடவே பம்ப் டைமிங், டேப்பெட் இடைவெளி ஆகியவற்றையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். நீலப்புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். அது வேறு வைத்தியம்.

கழற்றி எறிந்த தெர்மோஸ்டாட்

‘நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?’ என்று பல வண்டிகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுகிறார்கள். இன்ஜின் சுமார் 80 டிகிரி சூட்டில்தான் ஒழுங்காக வேலை செய்யும். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் சூடேற நேரமாகும். அதுவரை டீசல் கூடுதலாகச் செலவாகும். வண்டி கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதுதான் வழி.

தார்ச்சாலையில் ஃபோர்வீல் வேண்டாம்

இந்த ஜீப்களில் ஃபோர்வீல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும். வளைவில் இரண்டுக்கும் வேறு வேறு வேகம் தேவை. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் டயர் தேயும், கியர் இறுகும், டீசலும் வீணாகும். தார்ச்சாலை ஏறியதும் டூவீலுக்கு மாற்றிவிடுங்கள். முன்சக்கர நடுவில் திருகும் ஹப் இருந்தால் அதையும் ‘ஃப்ரீ’யில் வையுங்கள்.

நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்கட்டும். ஓடி நின்றதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. தேவையில்லாத டாப் கேரியரையும் இறக்கிவையுங்கள். வேகம் 45-55 கி.மீ.க்குள் இருந்தால் நல்லது என்பது மத்திய அரசின் பெட்ரோலியம் சேமிப்பு ஆராய்ச்சிக் கழகத்தின் அறிவுரை.

இறக்கத்தில் நியூட்ரல்: உயிருக்கு ஆபத்து

மலையிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. உண்மை நேர்மாறானது. கியரில் வைத்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பம்ப்பில் உள்ள கவர்னர் டீசலை நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் போய்க்கொண்டே இருக்கும்.

அதைவிட முக்கியம், கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுப் பாரமும் பிரேக் மீது விழும். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகலாம். இன்ஜினையே அணைத்து இறங்குவது இன்னும் மோசம். பவர் பிரேக் உள்ள வண்டியில் வேக்குவம் தீர்ந்ததும் பெடல் கல்லாகிவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள்.

இதற்கெல்லாம் காசு கொடுக்காதீர்கள்

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், மைலேஜ் மாத்திரை போன்றவை கடைகளில் கிடைக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய 100-க்கும் மேற்பட்ட பொருள்களை ஆராய்ந்ததில், பெரும்பாலானவற்றால் சொல்லும்படி பலன் இல்லை. மண்ணெண்ணெய் கலப்பதும் நஷ்டம்தான். பம்ப்பின் உள்பாகங்களுக்கு டீசலே மசகு. அது நீர்த்துப்போனால் பம்ப் தேயும்; மிச்சம் பிடித்த காசு பம்ப் வேலைக்கே போய்விடும்.

15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க எஃப்.சி. பார்க்க வேண்டும். அப்போது புகைச் சோதனையும் உண்டு. ஃபில்டர், நாசில், பிரேக் வேலைகளை அதற்கு முன்பே முடித்துவிட்டால், எஃப்.சி.க்கும் உதவும், மாதாந்திர டீசல் செலவும் குறையும்.