தொட்டுப் பார்த்து வாங்குவோம்!

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தப் பாதியை இன்று நாம் கண்ணால் காணாமலே வாங்கத் தொடங்கிவிட்டோம். கைபேசியில் ஒரு படம். விரலால் ஓர் அழுத்தம். நான்கு நாளில் வாசலில் ஒரு பொட்டலம். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதைக் கொடுத்து இந்த வசதியைப் பெறுகிறோம் என்று சற்றே சிந்திக்க வேண்டாமா?

நாம் வாழும் ஆர்.கே.பேட்டை நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை எனச் சுற்றிலும் தறியின் ஓசை கேட்கிறது. எங்கள் வகுப்பிலும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் உண்டு. பாவு, ஊடை, நாடா என்ற சொற்களை நாங்கள் பாடநூலில் கற்கவில்லை. வீட்டுத் திண்ணையில் கற்றோம். அப்படிப்பட்ட நாங்களே ஏமாந்தோம் என்றால் நம்புவீர்களா?

சென்ற ஆண்டு விழா நடனத்திற்காக எங்களில் எட்டுப் பேர் கைபேசி வழியே பாவாடை தாவணி வாங்கினோம். படத்தில் மயில்கழுத்து நிறம். வந்தவையோ மூன்று விதமான பச்சை! "பருத்தி" என்று போட்டிருந்தது. எங்களில் ஒருத்தியின் பாட்டி ஓர் இழையை உருவித் தீயில் காட்டினார். பருத்தியானால் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இதுவோ உருகிக் கெட்டி மணியாகி நின்றது. திருப்பி அனுப்ப நாளில்லை. வியர்த்து வழிய அதையே உடுத்தி ஆடினோம். கைதட்டலும் கிடைத்தது.

ஆனால் தறி ஓட்டும் அவள் தந்தை ஒன்றே ஒன்று கேட்டார்: "நம்ம ஊர்க் கடையில ஒரு தடவை கேட்டுப் பார்த்தீங்களாம்மா?" எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் பாட்டியோடு துணிக்கடைக்குப் போனோம். அவர் விலையை முதலில் கேட்கவில்லை. துணியைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்தார், வெளிச்சத்தில் பிடித்து நெருக்கத்தைப் பார்த்தார், பிறகு புரட்டினார். நெய்த பூவேலையானால் பின்புறம் இழைகள் தெரியும். மேலே அச்சிட்ட பூவானால் பின்புறம் மங்கிக் கிடக்கும். நூலின் எண் என்ன என்று கேட்டார். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டாக்கள் எத்தனை அடங்குமோ, அதுவே நூலின் எண்ணாம். ஆகவே 40ஆம் எண்ணைவிட 80ஆம் எண் நூல் மெலிது. கைத்தறிச் சேலையின் இரு கரை ஓரங்களிலும் ஊசித்துளை போன்ற சிறு புள்ளிகளைக் காட்டினார். நெய்யும்போது துணி சுருங்காதபடி இழுத்துப் பிடிக்கும் கோலின் முட்கள் பதிந்த அடையாளம் அது. இவற்றுள் எதைப் படம் காட்டும்?

விசைத்தறித் துணி தாழ்ந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பலருக்குச் சோறு போடுவது அதுதான். ஆனால் அதையே கைத்தறி என்று சொல்லி விற்பது இரு நெசவாளருக்கும் இழைக்கும் அநீதியன்றோ! கைத்தறிக்கென்று சில வகைத் துணிகளை ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. 2006இல் கைத்தறி முத்திரையும் வந்தது. கேட்டு வாங்குவோர் இல்லையேல் சட்டமும் முத்திரையும் என் செய்யும்?

கடைக்காரர் எல்லாரும் அரிச்சந்திரர் அல்லர் என்பது உண்மையே. பத்துச் சேலை பிரித்துப் போட்டபின் வேண்டாம் என்று சொல்ல நமக்கும் கூச்சம்தான். நடக்க இயலாத முதியோருக்குக் கைபேசி ஓர் உதவி. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் இன்று இணையத்தில் விற்கிறது. தொலைவில் இருப்போருக்கு அது நல்லதே. ஆயினும் கடையில் ஒரு முகம் இருக்கிறது. "அண்ணா, சாயம் போச்சு" என்று தமிழிலோ தெலுங்கிலோ மறுநாள் போய்க் கேட்கலாம். பொட்டலத்திற்கு முகம் ஏது?

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாட்டியின் விரல்கள் அறிந்ததை எங்கள் விரல்கள் அறியவில்லை. இன்னும் ஒரு தலைமுறை படம் பார்த்தே வாங்கினால், நல்ல துணி எது என்று சொல்ல நெசவு ஊரிலேயே ஆள் இருக்காது. நல்லதை அறிந்து கேட்பவர் இல்லாத ஊரில் நல்லதை நெய்பவர் எப்படி வாழ்வார்?

எனவே இவ்வாண்டு நடன உடைக்குக் கடைக்கே செல்வதென்று சிஸ்டரிடம் அனுமதி பெற்றுவிட்டோம். பாட்டியும் உடன் வருகிறார். அன்புத் தோழியரே, பொங்கலோ, கிறிஸ்துமஸோ, ஆடிக் கிருத்திகையோ, ஆண்டுக்கு ஒரு முறையாவது உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். தொட்டுப் பாருங்கள்; கேட்டுப் பாருங்கள்; பிறகு வாங்குங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி