காரீயமும் வைக்கோலும் எங்கட, பற்றரி மட்டும் வெளியால

கிரபீன் எண்டால் கொழும்பிலயும் வெளிநாட்டிலயும் பேசுற விசயம், வாழைச்சேனைக்கு அதில என்ன வேலை எண்டு கேக்கிறவங்க இருக்கிறாங்க. எங்களுக்கு நிறைய வேலை இருக்கு எண்டுதான் நாங்க சொல்லுவம்.

கிரபீன் என்பது காபன் அணுக்கள் அறுகோணமாகக் கோர்த்த, ஒரே அணுத் தடிப்புள்ள தாள். 2004இல் மன்செஸ்டரில் கைம், நொவோசெலொவ் இருவரும் காரீயத்திலிருந்து ஒட்டுநாடாவால் அதை உரித்தெடுத்தார்கள். 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காரீயம் எங்கட நாட்டு மண்ணுக்குள்ள கிடக்கு. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் கிடைக்கிற நரம்புக் காரீயம் உலகத்திலேயே மிகத் தூய வகைகளில் ஒன்று. நூறு வருசத்துக்கு மேலாக அதில பெரும்பகுதியைக் கட்டியாகவும் தூளாகவும் கப்பலேத்தி விட்டிருக்கிறம்.

சுப்பர் கொள்ளளவி மின்னேற்றத்தை மின்வாயின் மேற்பரப்பில்தான் பிடித்து வைக்கும். அதனால மேற்பரப்பு கூடக்கூட நல்லது. ஒரு கிராம் கிரபீனுக்குக் கணக்குப்படி 2630 சதுர மீற்றர், அதாவது அரை ஏக்கருக்கும் மேல. ஆனா தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அயன்கள் உள்ளே போகாது. சுத்தமான கிரபீனில் மின்னேற்றம் தாங்க இலத்திரன் இடமும் குறைவு. இதுக்குத்தான் மாசூட்டல். சில காபன்களை எடுத்துவிட்டு ஓர் இலத்திரன் கூடின நைதரசனையோ, ஒன்று குறைந்த போரனையோ வைப்பது. ஏ.எல் பௌதிகவியலில் சிலிக்கனுக்குப் படிச்ச அதே யோசனைதான்.

இங்கதான் எங்கட கேள்வி. இந்தத் துறையில் கட்டுரைகள் மழைக்காலத்துக் காளான் மாதிரி முளைக்குது: இதைப் போட்டோம், கொள்ளளவம் கூடிற்று. 2020இல் மார்ட்டின் புமேராவின் குழு பறவை எச்சத்தையே கிரபீனில் சேர்த்து, மின்னிரசாயன ஊக்கியாக அதுவும் சாதாரண கிரபீனை விட நல்லா வேலை செய்யுது எண்டு எழுதிக் காட்டியது. நக்கல்தான், ஆனா நியாயமான நக்கல். எதைப் போட்டாலும் கூடுது எண்டால், கூடினது மட்டும் பெரிய செய்தி இல்ல.

எங்களுக்குத் தேவையான கணக்கு வேற. சுப்பர் கொள்ளளவி கிலோவுக்கு 5 முதல் 10 வாற்று மணி அளவுதான் சேமிக்கும். லிதியம் பற்றரி 150க்கு மேல. அதனால கொள்ளளவியை மட்டும் நம்பித் தோணி ஓட்ட ஏலாது. ஆனா மோட்டார் இழுக்கிற முதல் இழுவையை அது தாங்கினா பற்றரியின் ஆயுள் நீளும். வாவியின் உப்புக் காத்திலயும் சித்திரை வெயிலிலயும் ஒரு வருசம் நிண்டுபிடிக்குமா? என்ன விலை? ஆய்வறிக்கையில் இந்த ரெண்டு வரியும் இருக்க வேணும்.

மூலப்பொருளும் பக்கத்திலதான். 1956இல் தொடங்கின எங்கட கடதாசி ஆலை வைக்கோலை எரிசோடாவில் அவித்துத்தான் கூழ் எடுத்தது. அந்த அவியலில் வைக்கோலின் சிலிக்காவும் கரைந்து போகும். வைக்கோலிலிருந்து மின்வாய்க் காபன் செய்யவும் சிலிக்காவைக் கழுவத்தான் வேணும். சிரட்டைக் கரியைச் செயலூட்டி ஏற்றுமதி செய்யிற நாடு இது. வயலில் எரிகிற வைக்கோலுக்கும் ஒரு வழி பார்க்கலாம்தானே?

பெரிய ஆய்வுகூடம் இல்லாம ஏலுமா எண்டு கேப்பீங்க. கிரபீன் தாளை உரிக்கவும் படம் பிடிக்கவும் கஷ்டம்தான். ஆனா கரியைச் செயலூட்டி, கலம் கட்டி, ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கிப் பாக்கிறதுக்குப் பொறுமைதான் பெரிய கருவி. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம் எங்களுக்குப் பக்கத்தில. இறுதியாண்டு மாணவர்கள் வருசத்துக்கு ரெண்டு பேர் இதை எடுத்தால் போதும், ரெண்டு நிபந்தனையோட: மாசூட்டாத மாதிரியையும் பக்கத்தில வைத்து அளக்க வேணும். தனி மின்வாயை விட்டு முழுக் கலத்தின் கணக்கைச் சொல்ல வேணும்.

2022இல் பதின்மூண்டு மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்தம். அப்ப எங்கட காரீயம் மண்ணுக்குள்ளயும் கப்பலிலயும் இருந்திச்சு. அடுத்த தடவையும் அப்படியே இருக்க விடுறதா எண்டு படிக்கிற நாங்கதான் முடிவெடுக்க வேணும்.