காடே நமக்குக் கண்மாய்



சாத்தம் துறையில் நின்று வடக்கே நோக்கினால், துறைமுக நீருக்கு அப்பால் பசுமையாய் உயர்ந்து நிற்பது மவுண்ட் ஹாரியட் மலைத்தொடர். 1862 முதல் 1864 வரை இங்குத் தலைமை அதிகாரியாயிருந்த டைட்லரின் மனைவி பெயரால் அது வழங்கிற்று. 1891ஆம் ஆண்டுப் போருக்குப்பின் மணிப்பூர் மன்னர் குலச்சந்திரர் அங்கே சிறைவைக்கப்பட்டதை நினைந்து, 2021இல் அதற்கு மவுண்ட் மணிப்பூர் எனப் பெயர் சூட்டினர்.

இம்மலை தனித்து நிற்பதன்று. பர்மாவின் அரக்கான் யோமா மலைத்தொடர் கடலுள் மூழ்கிச் சுமத்ராவை நோக்கித் தெற்கே செல்கிறது; அதன் முகடுகள் நீருக்குமேல் தலைநீட்டிய இடங்களே நம் தீவுகள். இந்திய நிலத்தட்டு கிழக்கே பர்மாத் தட்டின் அடியில் நுழைய, கடலடியில் படிந்த மணலும் களியும் மடிந்து மலைகளாக உயர்ந்தன. அவ்வசைவு இன்னும் ஓயவில்லை. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களில் உப்புநீர் புகுந்தது.

இனி, நம் வீட்டுக் குடத்துக்கு வருவோம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதைப்போல் இரு மடங்கு. ஆயினும் கோடையில் குழாயடியில் காத்து நிற்கிறோம். காரணம் யாது? சுமார் 1,200 அடி உயர முகட்டுக்கும் கடலுக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. ஓடை ஆறாகுமுன் கடலில் கலந்துவிடுகிறது. மணற்கல்லும் களிக்கல்லுமான பாறை நீரை மிகுதியாகத் தேக்குவதில்லை. ஸ்ரீ விஜயபுரம் என 2024இல் பெயர் மாறிய நம் நகருக்குத் தனிகாரி அணையே முதன்மை நீர்நிலை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை அதற்கும் வரத்துக் குறைவு.

இராமநாதபுரத்து முன்னோர் சமநிலத்தில் கண்மாய் வெட்டி மழையை நிறுத்தினர். இங்கு அத்தகைய பரந்த சமவெளி இல்லை. வேரும் சருகும் மழையை உறிஞ்சி, மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. காடே நமக்குக் கண்மாய். மனைக்காகச் சரிவிலுள்ள மரங்களை வெட்டுவது, கண்மாய்க் கரையை உடைப்பதற்கு ஒப்பாகும்.

இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பழகிய கையால் ஒரு கணக்கும் சொல்வேன். நூறு சதுர மீட்டர் தகரக் கூரைமேல் பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், அது ஆயிரம் லிட்டர் நீர். டிசம்பர் மழை ஓயுமுன் கூரை ஓரத்தில் ஒரு தாரையும், அதன்கீழ் ஒரு தொட்டியும் அமைத்துக்கொள்வோமாக.