கூலிக்குப் பறித்தாலும் கொடி முறியாது

பொங்கலுக்கு எங்கள் மலையில் இருக்கும் பெரக்கரை நாட்டுக்கு வந்த என் அக்கா மகன் மூன்று நாளும் போனும் கையுமாகவே கிடந்தான். சோற்றில் கை வைத்தால் மணி அடிக்கும். எழுந்து வாசலுக்கு ஓடுவான். "லீவுதானேப்பா?" என்று கேட்டேன். "லீவுதான் மாமா. ஆனா ஓனர்ஷிப் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்க" என்றான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஆர்டர் கணக்குப் பார்க்கிற பையன். அவன் எதற்கு ஓனர்?

கொடுத்த வேலையைச் சொந்தமாக நினைத்தால்தான் ஒழுங்காகச் செய்ய வரும் என்று ஊரே நம்புகிறது. இன்டர்வியூவில் கேட்கிறார்கள், டிரெயினிங்கில் ஓதுகிறார்கள், பெற்றவர்களும் அதையே சொல்லி பஸ் ஏற்றுகிறார்கள். சுத்தப் பொய்.

அவனைப் பெற்றவளைப் பார்த்தாலே தெரியும். தை பிறந்தால் அக்கா அடுத்தவர் தோட்டத்துக்கு மிளகு பறிக்கக் கூலிக்குப் போவாள். சில்வர் ஓக் மரத்தில் மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவாள். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்திருந்தால்தான் கை வைப்பாள். முற்றாததை விட்டுவிடுவாள். ஒரு கொடி முறியாது. பொழுது சாய்ந்தால் இறங்குவாள், கூலியை எண்ணி முந்தானையில் முடிவாள், வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்தத் தோட்டத்தை ஒருநாளும் தன்னுடையது என்று அவள் நினைத்ததில்லை. அவள் வேலையில் யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்!

வீட்டுக்குப் பின்னால் அவளுக்கே கொஞ்சம் கொடி இருக்கிறது. சொந்தம் என்றால் அதுதான். எப்போது பறிப்பது என்று அவள் முடிவு செய்கிறாள். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும். விலை இறங்கிக் கிடந்தால் சோளக்காட்டுச் சந்தைக்குக் கொண்டு போகாமல் கட்டி வைப்பாள். விலை ஏறினால் காசு அவளுக்கு. அவள் மகனுக்கு என்ன இருக்கிறது? போன தீபாவளிக்கு முன் ஒரு லோடு தாமதமானதற்கு அவன் சம்பளத்தில் பிடித்தார்கள். லாரியை அனுப்பாதது வேறொருவர். லாபம் வந்த மாதத்தில் அவனை ஓனர் என்று யாரும் கூப்பிடவில்லை. முடிவும் லாபமும் முதலாளிக்கு, நட்டம் மட்டும் இவனுக்கா?

2023-இல் தொழிலதிபர் நாராயண மூர்த்தி வாரம் 70 மணி நேரம் உழைக்கச் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் அதை 90 ஆக்கினார்; ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தம் வேறு. பங்கு வைத்திருப்பவருக்கு அது கட்டுபடியாகும். மாதச் சம்பளக்காரன் எதற்காக ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டும்? 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றமே 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்த பிறகுதான் மே தினத்தில் திரும்பப் பெற்றார்கள்.

வேலையைச் சொந்தமாக நினைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? கொரோனாவிலும் வெள்ளத்திலும் சென்னையைத் தங்கள் வீடு போலக் கூட்டித் துடைத்தவர்கள் தூய்மைப் பணியாளர்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே, எங்களை நிரந்தரமாக்கு என்று 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் கைது செய்து அள்ளிப்போனார்கள். எங்கள் மலையிலும் இதே கதைதான். 2006-இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும், தலைமுறையாக உழுத காட்டுக்கு உரிமை கேட்டு மனுவும் கையுமாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையான சொந்தம் கேட்டால் தர மனமில்லை. சொந்தம் என்று நினைத்துக்கொள்ள மட்டும் ஆயிரம் பேர் சொல்லித் தருகிறார்கள்.

கிளம்பும் நாள் காலையில் கொல்லையில் அக்கா ஏணியைச் சாத்திவிட்டு மகனைக் கூப்பிட்டாள். இவன் காதில் போன். "அதை வெச்சிட்டு வந்து ஏணியப் பிடிடா" என்றாள். வந்து பிடித்தான். திண்ணையில் வைத்த போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவள் பறித்து இறங்கும்வரை ஏணி ஆடவில்லை.

மருமகனே, வேலையை உன் அம்மாவைப் போலச் சுத்தமாகச் செய். பொழுது சாய்ந்ததும் அவளைப் போலவே இறங்கி வா.